பதினொரு பேருக்கும் ஒரே காய்ச்சல்

எனக்கு வந்தது பிளேக் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளாக என்னைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர், "அந்தச் சமயத்துல உங்களுக்குப் பிளேக் வந்துதாமா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வந்தது வேறு. அதற்கும் பெயர் உண்டு, மருந்து உண்டு, அது குணமாகும். ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து, அதன்பின் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு எழுந்து வந்தவன் நான். இதே போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் நம் பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்லும் சாமியார்களிடையிலும் பாதிரியார்களிடையிலும் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

என்னை அறிந்தவர்கள் இதில் தேதிகள் குறைவாக இருப்பதைப் பார்த்து வியக்கலாம். பதினாறு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். எந்த நாளில் எவ்வளவு மழை, மின்சாரம் போன நேரம், நல்லூர் வழியாகப் புதிதாக ஓடத் தொடங்கிய பஸ், படித்து முடித்த புத்தகம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் மருத்துவமனை நாட்களில் பெரும்பாலானவற்றுக்கு என்னிடம் கிழமைகள் மட்டுமே இருக்கின்றன. டைரியை டாக்டர் பிடுங்கிக்கொண்டார். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. திருப்பூரில், நல்லூர்ப் பக்கம் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் டைம்கீப்பர் வேலை. காலையில் கேட்டில் நின்று, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று அட்டையில் குறிப்பது, சங்கு ஊதுவது, ஓவர்டைம் கணக்கு எழுதுவது. தொழிலாளர்கள் என்னை 'டைமண்ணா' என்று கூப்பிடுவார்கள்.

1994 செப்டம்பர் கடைசியில் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. துணி வியாபாரத்தில் இருக்கும் ஊர்களுக்குச் சூரத் தூரம் இல்லை. நூல், துணி, ஆட்கள் என்று எல்லாம் அங்கும் இங்கும் போய்வந்துகொண்டிருந்த காலம். நுரையீரலைத் தாக்கும் பிளேக் இருமலில் பரவும் என்றும், கவனிக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும் என்றும் பத்திரிகைகள் எழுதின. மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரை தீர்ந்துபோனது. வெளிநாட்டு விமானங்கள் நின்றன. அட்டைப் பெட்டிகளில் கட்டிய சரக்கு பேக்கிங் செக்‌ஷனிலேயே கூரைவரை அடுக்கிக் கிடந்தது. தையல் செக்‌ஷன் பெண்கள் ரிப் துணி வெட்டி மிஞ்சும் வேஸ்ட்டில் முகமூடி தைத்து மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்காவது அந்த நோய் உறுதியானதாக நான் கடைசிவரை கேள்விப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு இருமலுக்கும் நாற்பது தலைகள் திரும்பின.

அந்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்தார். "நீங்கதான் கரெக்டா எழுதுவீங்க. தையல் செக்‌ஷன்ல ஒவ்வொருத்தருக்கும் பாத்து உள்ள விடுங்க. நூறுக்கு மேல இருந்தா ஊட்டுக்கு அனுப்பீருங்க. ஒரு வாரம் கழிச்சு வரட்டும்."

கரெக்டாகத்தான் எழுதினேன். நாற்பத்திரண்டு பேர். ஒருவர் வாயில் அரை நிமிடம். எடுத்ததும் மருந்துத் தண்ணீரில் முக்கி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, அடுத்தவர் வாயில். திருப்பூரில் நாங்கள் எதையும் பனியன் வேஸ்ட்டில்தான் துடைப்போம். மெஷின் எண்ணெய், சைக்கிள், மூக்குக்கண்ணாடி, குழந்தையின் மூக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். திங்கட்கிழமை முதல் ஆளுக்கு 98.6 டிகிரி. செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் 98.8. புதன்கிழமை எல்லோருக்கும் 99.2. 'ஆட்கள் மெல்லச் சூடேறி வருகிறார்கள். இதை யாரும் கவனிக்கவில்லை' என்று அன்று டைரியில் எழுதினேன். கவனித்தவன் நான் ஒருவன்தான் என்ற எண்ணத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வியாழக்கிழமை காலை, வரிசையில் முதலில் நின்ற செல்வி என்ற பெண்ணுக்கு 101.2. தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். திருப்பி அனுப்பினேன். அடுத்தவளுக்கும் 101.2. அதற்கடுத்தவளுக்கும். பதினொரு பேர், ஓவர்லாக் லைன் முழுவதும், ஒரே அளவு. பதினொன்றாவதாக நின்றவள் ருக்குமணி. பொங்கலூர்ப் பக்கத்துப் பெண். நல்லூரில் மூன்று தோழிகளோடு வாடகை அறையில் இருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமே இல்லீங்க டைமண்ணா. காத்தாலதான் குண்டாப் பழைய சோறு தின்னுட்டு வந்தேன்."

"அளவு சொல்லுது கண்ணு. நான் சொல்லலை."

"அந்தக் கண்ணாடிக் குச்சிக்கு என்னத்தத் தெரியுமுங்க?" என்று கேட்டுவிட்டு, சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கேள்விதான் அந்த வாரத்தில் அங்கே கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மேனேஜர் தையல் செக்‌ஷனையே ஒரு வாரம் மூடினார். கூட்டம் போன பிறகு தெர்மாமீட்டரைத் துடைத்து என் வாயில் வைத்தேன். 101.2.

தெர்மாமீட்டரோடு வீட்டுக்குப் போய், சரக்கு மூட்டை வைக்கும் பின்னறையில் தனியாகப் படுத்துக்கொண்டேன். மனைவி சரோஜாவையும் பிள்ளைகளையும் பக்கத்தில் விடவில்லை. மணிக்கு ஒரு முறை காய்ச்சலைப் பார்த்து எழுதினேன். நாடியை எண்ணி எழுதினேன். காய்ச்சல் இறங்கவே இல்லை. நான்காம் நாளிலிருந்து நாடி எழுபதிலிருந்து தொண்ணூறு, தொண்ணூறிலிருந்து நூற்றிருபது என்று போனது. அடுத்த புதன்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு நெஞ்சு பறை அடிப்பதுபோல அடித்தது. விரல்கள் மரத்தன. மூச்சு உள்ளே போகவில்லை. இந்த நிமிடம் சாகிறேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மருத்துவமனையில் எல்லோரும் என்னிடமிருந்து ஒதுங்கினார்கள். பின்பக்கம் தனியாக இருந்த அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் எனக்கு முன்பே ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவரை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த சர்ச்சின் போதகர் ஞானசிகாமணி. ஐம்பத்தைந்து வயது, தெற்கத்தி மனிதர், சைக்கிளில் போகும்போதே எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர். அன்று காலை சர்ச் கூடத்தில் மயங்கி விழுந்தாராம். உடம்பில் லேசான சூடு இருந்ததால் அவரையும் இங்கே போட்டுவிட்டார்கள்.

"ஐயா, நீங்களுமா?" என்றேன்.

திரும்பாமலே சொன்னார்: "கிட்ட வராதீங்க தம்பி. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா கிட்ட வராதீங்க."

முதல் மூன்று நாள் பரிசோதனைகள். இவை எதற்கு என்று தெரிந்தால் பயம் பாதி குறையும் என்பதால் சொல்கிறேன். நெஞ்சிலும் கை கால்களிலும் ஒயர் ஒட்டி எடுப்பது ஈசிஜி. இதயத்தின் மின்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று தாளில் கோடாக வரையும். வலிக்காது, ஷாக் அடிக்காது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் சளி கட்டியிருந்தால் வெள்ளையாகத் தெரியும். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கொஞ்சம் சளியைத் தனியாக வைத்து வளர்த்தும் பார்ப்பார்கள், அதற்குத்தான் நாளாகும். அந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஆயாம்மா சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவை ஒரு தட்டு தட்டி ஓடிவிடுவார்.

சரோஜா மட்டும் ஓடவில்லை. அறைக்குள் விடமாட்டோம் என்றதும் ஜன்னலுக்கு வெளியே நடையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் அவள் செய்வது பிசிறு வெட்டும் வேலை. தைத்துவந்த பனியன்களில் தொங்கும் நூல் நுனிகளைச் சின்னக் கட்டரால் வெட்டிக் கொடுப்பது. இரண்டாம் நாள் ஒரு மூட்டை பனியனோடு வந்துவிட்டாள்.

"ஏனுங்க, சும்மா பெஞ்சுல குக்கீட்டு உங்க மூஞ்சியவே பாத்துட்டிருந்தா உங்களுக்கும் பயம், எனக்கும் பயம். இது பாட்டுக்கு நடக்கட்டும்."

நர்ஸ் சத்தம் போட்டார். "ஏம்மா, இது ஆஸ்பத்திரியா, கம்பெனியா? நடையெல்லாம் நூலாக் கெடக்குது!"

"கூட்டிப்போடறனுங்க சிஸ்டர். உங்களுக்கு ஒரு சைஸ் எடுத்து வெக்கட்டுங்களா?"

மூன்றாம் நாள் ஜன்னல் வழியே பார்த்தபோது அந்தப் பெஞ்சில் நான்கு பேர் இருந்தார்கள். கணவனுக்கு ஆபரேஷன் நடப்பதற்காகக் காத்திருந்த ஒரு அம்மாள், சக்கரை நோய்க்கு வந்த ஒரு பெரியவர் என்று ஆளுக்கு ஒரு பனியனை மடியில் வைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நிலைமை வேறு. போதகர் சாப்பிடவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுவார். பிறகு தூக்கம் இல்லை. காரணமில்லாமல் கண்ணில் நீர் வழியும். எனக்கோ மருத்துவமனைத் தெர்மாமீட்டர் ஒவ்வொரு முறையும் சாதாரண அளவையே காட்டியது. அது கெட்டுப்போனது என்று முடிவு செய்தேன். கம்பெனித் தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தேன். போர்வைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். 101.2. டைரியில் எழுதினேன்: 'இங்கே உண்மையை மறைக்கிறார்கள்.'

சனிக்கிழமை காலை டாக்டர் வசந்தா உள்ளே வந்தார். உயரம் குறைந்த அம்மையார், குரல் மட்டும் பெரியது. சளியில் கிருமி இல்லை, வளர்த்துப் பார்த்ததிலும் இல்லை, இரண்டு பேருக்கும் பிளேக் இல்லை என்றார். நான் நம்பவில்லை.

"காய்ச்சல் இருக்குதுங்களே டாக்டர். நூத்தொண்ணு புள்ளி ரெண்டு."

"யார் சொன்னா?"

டைரியை நீட்டினேன். ஆதாரம் வேண்டுமல்லவா? அவர் நின்றபடியே பத்து நிமிடம் படித்தார். பக்கம் பக்கமாகப் பின்னால் போனார். பிறகு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த அறையில் யாரும் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"நாப்பத்திரண்டு பேருக்கும் ஒரே அளவு எழுதியிருக்கீங்க. அது ஏறியிருக்குது. ஒரு தடவைகூட இறங்கவே இல்ல. அந்தத் தெர்மாமீட்டரக் குடுங்க." கொடுத்தேன். "ஒருத்தருக்குப் பாத்துட்டு அடுத்தவருக்கு வெக்கறதுக்கு முன்னால என்ன பண்ணுவீங்க?"

"மருந்துத் தண்ணீல முக்கி, வேஸ்ட்ல நல்லாத் துடைப்பனுங்க."

"உதறுவீங்களா?"

"எதுக்குங்க உதறோணும்? ஈரம் போறதுக்குத்தானே உதறுவாங்க? நாந்தான் துணிலயே துடைச்சறனே."

டாக்டர் வசந்தா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். எழுந்து நின்று, தெர்மாமீட்டரைப் பிடித்து மூன்று முறை பலமாக உதறினார். என் வாயில் வைத்தார். இரண்டு நிமிடம் கழித்து எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். 98.4.

ஏறிய பாதரசம் தானாக இறங்காது. உதறினால்தான் இறங்கும். டாக்டர்கள் உதறுவதை வாழ்நாளெல்லாம் பார்த்திருந்தும் எனக்கு அது தெரியவில்லை. செல்வி ஒருத்திக்குத்தான் உண்மைக் காய்ச்சல். மீதிப் பத்துப் பேருக்கும் எனக்கும் நான் எழுதியது அவளுடைய காய்ச்சல்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். உண்மை தெரிந்ததும் நான் குணமாகவில்லை. அன்று மாலையே மறுபடி நெஞ்சு அடித்தது, விரல் மரத்தது. கம்பெனிக் கேட்டையும் அந்தப் பதினொரு முகங்களையும் நினைத்த மாத்திரத்தில் வந்தது. டாக்டர் வந்து நாடியைப் பிடித்தபடியே கேட்டார்: "உங்க கம்பெனியில அயர்னிங்குக்குப் பாய்லர் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அதுல சேஃப்டி வால்வு இருக்கும். பிரஷர் ஏறினா கத்தும். உங்க உடம்புலயும் அப்படி ஒண்ணு இருக்குது. ஆபத்து வந்தா நெஞ்சத் துடிக்க வெச்சு, மூச்ச வேகமாக்கி, ஓடுன்னு சொல்லும். பத்து நாளா நீங்க அத இறுக்கிட்டே இருந்தீங்க. இப்ப வால்வு லூஸாயிருச்சு. பிரஷர் இல்லாமலே கத்துது. கத்தறது நிஜம். ஆபத்துதான் இல்ல. அது கத்தறப்ப ஓடாதீங்க. நின்ன எடத்துலயே மூச்ச மெதுவா வெளிய விடுங்க. ஏறும், நிக்கும், இறங்கும்."

இதற்குப் பெயர் பதற்ற நோய். திடீரென்று உச்சத்துக்கு ஏறுவதைப் பீதித் தாக்குதல் என்கிறார்கள். அதன்பிறகு நிறையப் புத்தகங்களில் படித்தேன். அவர் சொன்ன பாய்லரைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. டைரியையும் பேனாவையும் அன்றே எடுத்துக்கொண்டார். "எண்ண எண்ணத்தான் பயம் ஏறுது. கொஞ்ச நாளைக்கு எண்ணாதீங்க." பதிலுக்கு வெளியே போய்ச் சரோஜாவிடம் பேசி, இரண்டு கட்டர்களும் ஒரு கட்டுப் பனியனும் உள்ளே அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச் மணி அடிக்கும் நேரத்தில், போதகரும் நானும் எதிரெதிர்க் கட்டிலில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தோம். அவர் இரண்டு பனியனில் ஓட்டை போட்டுவிட்டார். அன்றுதான் அவர் கதையைச் சொன்னார்.

"உங்க கம்பெனில பதினோரு பிள்ளைகள அனுப்பிட்டாங்கள்லா? அதுல நாலு பிள்ளைகள வீட்டுக்காரம்மா உள்ள விடல. சாமானத் தூக்கித் தெருவுல வச்சிட்டாங்க. அந்த ருக்குமணி நேரே எங்கிட்ட வந்து, 'சாமி, நாங்க இந்துதான், ஆனா படுக்க எடமில்ல'ன்னா. கூடத்தத் திறந்துவிட்டேன். எம் பெஞ்சாதி மக பேறுகாலத்துக்கு ஊருக்குப் போயிருக்கா. நானே பொங்கிப் போட்டேன். சபைக்காரங்க, 'பிளேக்கக் கொண்டாந்து ஆலயத்துல வச்சிட்டாரு'ன்னு வரத நிறுத்திட்டாங்க. போன ஞாயிறு ஏழு பேரு இருந்தாங்க. பிரசங்கத்துக்கு எந்திரிச்சேன். பயப்படாதீங்கன்னு சொல்லணும். வாயி வரல தம்பி. முப்பது வருசமா சொன்ன வார்த்த. அழுகதான் வந்துது. எறங்கி வந்துட்டேன். தூக்கம் அதுக்கு ஒரு மாசம் முன்னயே போயிட்டு. இப்ப ஜெபம் பண்ணக்கூட முடியல."

கட்டர் என் கையில் நின்றுவிட்டது. அந்த நாலு பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்களா என்று கேட்டேன். அங்கேதான் என்றார். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று ஒரு டாக்டர் தூரத்தில் நின்றே சொல்லி அனுப்பினாராம். ஆனால் வந்த நோய் வந்ததுதான் என்று வீட்டுக்காரம்மா அறையைத் திறக்கவில்லை.

எல்லாம் அப்போது எனக்கு விளங்கியது. நான் சும்மா இருந்தாலும் கம்பெனி அவர்களை மறுபடி வேலைக்கு எடுக்கும். 'குணமாகிவிட்டார்கள்' என்று சொல்லிவிடலாம். என் தவறு யாருக்கும் தெரியாது. ஆனால் குணமானவர்கள் என்றால் நோய் வந்தவர்கள் என்றுதான் ஊர் சொல்லும். ருக்குமணிக்கு அறை கிடைக்க வேண்டுமென்றால், அவளுக்குக் காய்ச்சல் வரவே இல்லை என்று யாராவது சொல்லவேண்டும். அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க" என்று தெர்மாமீட்டர் கதையைச் சொன்னேன். உதறாததையும், வேஸ்ட்டில் துடைத்ததையும், சூடேறுகிறார்கள் என்று எழுதியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் பனியனைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒதறலியா? நீங்க ஒதறாததுக்கா நான் ஆறு நாளு ரசம் வச்சேன்? நான் வச்ச ரசத்தக் குடிச்சும் அந்தப் பிள்ளைக சாகலன்னா, பிளேக்கால அதுகள ஏதாவது செய்ய முடியுமாவே?" அவர் என்னைத் தெற்கத்தி உரிமையோடு 'வே' போட்டுப் பேசியது அதுதான் முதல் முறை. சிரித்து முடித்ததும் முகம் மறுபடி இருண்டது. "உங்க சீக்குக்குக் காரணம் கெடச்சிட்டு. எனக்கு அதுகூட இல்ல. டாக்டரம்மா மனச்சோர்வுங்காங்க. மலேரியான்னு எழுதிருங்கன்னு கெஞ்சிட்டேன். ஆறுதல் சொல்லுதவனுக்கே மனசு சரியில்லன்னா சபை என்ன சொல்லும்?"

அன்று மாலை ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர், மலேரியா என்று எழுத முடியாது என்று நேராகவே சொன்னார். "கால் உடைஞ்சா மாவுக்கட்டு போட்டுட்டு நொண்டி நொண்டி எல்லாருக்கும் காட்டறீங்க. இதுவும் உடம்புல நடக்கறதுதானுங்க ஐயா. தூக்கம் போச்சு, பசி போச்சு, பிடிச்சது பிடிக்காமப் போச்சு. இது ரெண்டு வாரம் நீடிச்சா நோய். விசுவாசம் குறைஞ்சு வர்றதில்ல. மாத்திரை இருக்குது, பேசறதுக்கு ஆள் இருக்குது." மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து வந்த மனநல மருத்துவரும் எங்கள் இருவரிடமும் தனித்தனியாக ஒரு மணி நேரம் பேசிவிட்டு அதையேதான் சொன்னார், மாத்திரை வேலை செய்ய மூன்று வாரம் பிடிக்கும், அதுவரை அவசரப்படக்கூடாது என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

மனநல மருத்துவர் வெளியே போனதும் போதகர் சொன்னார்: "ஒண்ணு செய்வோம் தம்பி. நீங்க உங்க தப்ப எழுதி அனுப்புங்க. நான் எஞ் சீக்கச் சபையில சொல்லுதேன். யாராவது ஒருத்தர் பின்வாங்கினா மத்தவரு காறித் துப்பலாம்."

ஒரே ஒரு கடிதத்துக்காக டாக்டர் வசந்தா பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். எழுதும்போது இரண்டு முறை நெஞ்சு அடித்தது. நிறுத்தி, மூச்சை விட்டு, மறுபடி எழுதினேன். 'ருக்குமணிக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் காய்ச்சல் வரவில்லை. தெர்மாமீட்டரை உதறாமல் வைத்தது என் தவறு.' கீழே டாக்டரும் கையெழுத்துப் போட்டார். சரோஜா கடிதத்தையும் தெர்மாமீட்டரையும் வாங்கிக்கொண்டு அங்கிருந்தே நேராகப் போனாள்.

மறுநாள் ஜன்னலுக்கு வந்து சொன்னாள்: "மேனேஜரு படிச்சுட்டுத் தலைல கைய வெச்சுட்டாருங்க. ஊட்டுக்காரம்மாதான் நம்பவே மாட்டீனுருச்சு. ஒதறாம எம்பட வாயில வெய்யி, ஒதறீட்டு வெய்யின்னு மாத்தி மாத்திப் பாத்துச்சு. ருக்குமணி வாயில, அது வாயில, தெருவுல நின்னவங்க வாயிலயெல்லாம் வெச்சுப் பாத்தாச்சு. பொறவு சாவியக் குடுத்துருச்சுங்க."

"ருக்குமணி என்ன சொல்லுச்சு?"

சரோஜா மூட்டையிலிருந்து ஒரு பனியனை எடுத்தாள். "ஒண்ணும் சொல்லலீங்க. தெர்மாமீட்டர மட்டும் அது வாங்கி வெச்சுகிச்சு."

வியாழக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். போதகரை இன்னும் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். கிளம்பும்போது ஆயாம்மா அறைக்குள்ளேயே வந்து, தட்டைக் கையில் கொடுத்தார். "மனசுல வெச்சுக்காதீங்க சாமி. எனக்கும் பேரப் புள்ளைங்க இருக்குது" என்றார். அவரிடமும் அதே வால்வுதான் கத்தியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

மருத்துவமனையைவிட்டு வருவது சுலபம். கம்பெனிக் கேட்டுக்குப் போவதுதான் மீதமிருந்த நோய். அடுத்த திங்கட்கிழமை காலை எதிர்ப்புற டீக்கடைவரை போனேன். நெஞ்சு அடித்தது. திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை சைக்கிள் ஸ்டாண்டுவரை. உள்ளே தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது. என் இடத்தில் வாட்ச்மேன் நின்று அட்டை குறித்துக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். சரோஜா கேட்டாள்: "இன்னிக்கு எவ்வளவு தூரம் போனீங்க?" சொன்னேன். "நேத்தைக்கு டீக்கடை. இன்னிக்கு ஸ்டாண்டு. அப்படியே போங்க" என்றாள்.

புதன்கிழமை கேட் வாசலில் தையல் செக்‌ஷன் ஆட்கள் நின்றிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ருக்குமணி வந்தாள்.

"கண்ணு, என்னை மன்னிச்..."

"மன்னிப்பெல்லாம் அப்பறமுங்க. மொதல்ல வாயத் தொறங்க."

தூக்குப்போசிப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். கையை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று உதறினாள்.

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "நல்லா ஒதறு ருக்கு! இல்லீனா டைமண்ணா மறுக்காவும் ஆசுபத்திரிக்குப் போயிருவாரு!" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் வாயில் வைத்தாள்.

"அரை நிமிசம் இல்லீங்க. ரெண்டு நிமிசம். பேசாம நில்லுங்க."

நின்றேன். வாயில் கண்ணாடிக் குச்சி, எதிரே நாற்பது பேர். ஓட முடியாது, பேச முடியாது. நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. விரல் நுனி மரத்தது. கண் முன்னே கேட்டின் கம்பிகள் ஆடின. மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விட்டேன். ஏறியது. இன்னும் ஏறியது. ஒரு இடத்தில் நின்றது. பிறகு, டாக்டர் சொன்னது போலவே, இறங்கத் தொடங்கியது. ருக்குமணி என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன தெரிந்ததோ, தெரியாது. இரண்டு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகவே விட்டாள் என்று நினைக்கிறேன்.

எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"தொண்ணூத்தெட்டுப் புள்ளி நாலு. உள்ள போலாமுங்க டைமண்ணா."

போதகர் தன் பங்கை மூன்று வாரம் கழித்துச் செய்தார். பிரசங்க பீடத்தில் நிற்காமல் ஒரு நாற்காலியைக் கீழே போட்டு உட்கார்ந்து, "எனக்கு மனச்சோர்வுன்னு ஒரு சீக்கு. மாத்திரை சாப்பிடுதேன். இனி பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன்; பயமா இருந்தா வந்து சொல்லுங்கன்னு சொல்லுதேன்" என்றாராம். நான் பின் பெஞ்சில் இருந்தேன் என்பதால் 'என்றாராம்' என்று எழுதத் தேவையில்லை, சொன்னார். சபை ஓடிவிடவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு பனியன் கம்பெனிச் செக்கிங் மாஸ்டரும், பள்ளி ஆசிரியை ஒருவரும், போதகரை முதலில் எதிர்த்த சபை மூப்பரும் தனித்தனியாகக் காத்திருந்தார்கள்.

டைரி எனக்குத் திரும்பக் கிடைத்தது கேட்டைத் தாண்டிய அந்தப் புதன்கிழமை மாலைதான். டாக்டர் வசந்தா கொடுத்துவிட்டு, "எழுதலாம், எண்ண வேண்டாம்" என்றார். அன்றைய பக்கத்தில் தேதி போட்டேன். கீழே எழுதினேன்: 'காலை 8.27. கேட்டுக்குள் போனேன். ருக்குமணி விட்டாள்.'

காய்ச்சல் எவ்வளவு என்று எழுதவில்லை.